பதினோராம் எண் சட்டை

15 டிசம்பர் 2024, ஞாயிறு. ஊத்தங்கரை

இரவு ஒன்பது மணிக்கு, நாங்கள் ரசிக்கும் இங்கிலாந்துக் கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட்டின் ஆட்டக்காரர் பட்டியல் வந்தது. அதே ஊர் அணியான சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில் முன்வரிசையில் ஆடும் ராஷ்ஃபோர்டும் இல்லை, கர்னாச்சோவும் இல்லை. இறங்கும் பதினோரு பேரில் மட்டுமல்ல, பெஞ்சிலும் இல்லை. இருவருக்கும் காயமா என்று கேட்டு ஜெராக்ஸ் கடை அண்ணன் உடனே கூப்பிட்டார். காயம் இல்லை. பயிற்சியில் எப்படி ஆடுகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள், ஆட்டத்துக்கு எப்படி உடுத்தி வருகிறார்கள், உடன் ஆடுபவர்களை எப்படித் தூண்டுகிறார்கள் என்று எல்லாவற்றையும் தாம் கவனிப்பதாகப் பயிற்சியாளர் அமோரிம் விளக்கியிருக்கிறார். இது ஒழுங்கு நடவடிக்கை அல்ல என்றும் சொன்னார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்வரை பின்தங்கியிருந்த அணி, புரூனோவின் பெனால்டியாலும் அமாதின் கோலாலும் 2-1 என்று வென்றது. வென்றதால் அவர் செய்தது சரியென்று ஆகிவிட்டது என்கிறான் லைன்மேன் தம்பி.

தோற்றிருந்தால் தவறாகியிருக்குமா? ஓர் ஆட்டக்காரனை வெளியே நிறுத்துவது சரியா என்பதை அன்றைய கோல் கணக்கு எப்படித் தீர்மானிக்கும்?

நான் பையன்களுக்குப் பயிற்சி தரும் நம் மைதானத்தில் கிழக்கு கோல் பக்கம் இன்னும் சேறு காயவில்லை.

16 டிசம்பர்

இன்றும் பதினோராம் எண் பையன் பயிற்சிக்கு வரவில்லை.

18 டிசம்பர், புதன்

ராஷ்ஃபோர்டு வாய் திறந்துவிட்டார். தாம் படித்த தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தபோது கொடுத்த பேட்டியில், புதிய சவாலுக்குத் தயாராக இருப்பதாகவும், கிளப்பை விட்டுப் போகும் நாளில் அதைப் பற்றித் தம் வாயிலிருந்து ஒரு குறையும் வராது என்றும் சொல்லியிருக்கிறார். தாம் அவர் இடத்தில் இருந்திருந்தால் முதலில் பயிற்சியாளரிடம் பேசியிருப்பேன் என்பது அமோரிமின் பதில்.

கடையில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். அண்ணன் யுனைடெட்டின் இன்னொரு ஆட்டக்காரர் சான்சோவின் கதையை எடுத்தார். 2023 செப்டம்பரில் ஆர்சனலிடம் தோற்ற அன்று, பயிற்சியில் சரியாக ஆடாததால் சான்சோவைச் சேர்க்கவில்லை என்று அப்போதைய பயிற்சியாளர் டென் ஹாக் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அது பொய், தன்னைப் பலிகடா ஆக்குகிறார்கள் என்று அந்தப் பையன் எழுதினான். பிறகு முதல் அணியின் சாப்பாட்டுக்கூடத்துக்குள்கூட அவனை விடவில்லை. ஜனவரியில் ஜெர்மன் அணியான டார்ட்மண்டுக்குப் போனவன், ஜூன் மாதம் வெம்ப்ளியில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ஆடினான். ஆட்டம் போகவில்லை, மனம்தான் போயிருந்தது என்றார் அண்ணன். மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் பையனிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் ஒரு புதன்கிழமையில்தான். இன்றோடு ஒரு வாரம்.

22 டிசம்பர்

சொந்த மைதானத்தில் போர்ன்மவுத்திடம் 0-3. எழுத மனமில்லை.

31 டிசம்பர், செவ்வாய்

விடியற்காலை மூன்றரை மணிக்கு இதை எழுதுகிறேன். நியூகாசிலிடம் 0-2. முதல் இருபது நிமிடங்களுக்குள் இரண்டு கோலும் விழுந்துவிட்டன. 33ஆம் நிமிடத்தில் அமோரிம் முன்வரிசை ஆட்டக்காரர் ஸிர்க்ஸீயை வெளியே அழைத்தார். அவருடைய எண் பலகையில் தெரிந்ததும் ஓல்ட் டிராஃபோர்டில் உட்கார்ந்திருந்த சொந்த ரசிகர்களே ஆரவாரம் செய்தார்கள். இருபத்து மூன்று வயதுப் பையன் அவன். நிற்காமல் நேராகச் சுரங்கப்பாதைக்குள் நடந்துபோனான். கைப்பேசியை அணைத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. ராஷ்ஃபோர்டு கடைசிவரை பெஞ்சிலேயே இருந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே டிசம்பர் 31 அன்று வுல்வ்ஸுக்கு எதிராக நடந்தது நினைவுக்கு வந்தது. ராஷ்ஃபோர்டைத் தொடக்கத்தில் இறக்காத டென் ஹாக், அது அணிக்குள் நடந்த ஒழுங்குப் பிரச்சினை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். இடைவேளைக்குப் பின் உள்ளே வந்த ராஷ்ஃபோர்டு, அன்றைய ஒரே கோலை அடித்து வெற்றி தேடித் தந்தார். தூங்கிவிட்டதால் அணிக் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன் என்று ஆட்டம் முடிந்தபின் அவரே சொன்னார். தவறைச் சொல்லும் உரிமையைப் பயிற்சியாளர் ஆட்டக்காரனுக்கு விட்டுக்கொடுத்ததால், அவன் தலை நிமிர்ந்து அதைச் சொல்ல முடிந்தது. அந்தப் பருவத்தில் ராஷ்ஃபோர்டு 30 கோல் அடித்தார். அதே டென் ஹாக் சான்சோ விஷயத்தில் எட்டே மாதத்தில் இதை எப்படி மறந்தார் என்பதுதான் இந்த நேரத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

வெளியே பனி கொட்டுகிறது. இன்று மாலைப் பயிற்சி உண்டு.

2 ஜனவரி 2025

இருபத்தொரு பேர் வந்தார்கள். இருபத்தொன்று என்று நோட்டில் எழுதும்போது கை ஒரு கணம் நின்றது.

13 ஜனவரி, போகி

நேற்று எஃப்.ஏ. கோப்பையில் ஆர்சனலைப் பெனால்டிகளில் வென்றார்கள். தலோ வெளியேற்றப்பட்ட பிறகு நீண்ட நேரம் பத்தே பேருடன் தாக்குப்பிடித்து, கோல்கீப்பர் பாயிந்திர் இரண்டு பெனால்டிகளைத் தடுத்து, கடைசிப் பந்தை உள்ளே அடித்தவன் யார் தெரியுமா? ஸிர்க்ஸீ. பதின்மூன்று நாட்களுக்கு முன் சொந்த ரசிகர்கள் கைதட்டி வழியனுப்பிய அதே பையன். லைன்மேன் தம்பி கடை வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஆட்டத்தின் நடுவில் வெளியே எடுத்ததால்தான் அவனுக்கு உறைத்தது, கடுமையாக இருந்தால்தான் ஆட்டக்காரன் உருப்படுவான் என்பது அவன் கட்சி. நான் அதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். ஸிர்க்ஸீயைப் பற்றி அமோரிம் மைக்கின் முன் ஒரு கடும் சொல்லும் சொல்லவில்லை. அது அணிக்கான முடிவு என்று பேசினாரே தவிர, பையனின் குணத்தைத் தொடவில்லை. அதனால்தான் அவன் திரும்பி வர ஒரு வழி திறந்திருந்தது.

எங்கள் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் பதினொன்றும் காய்கிறது.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

பொங்கல் போட்டியில் முதல் சுற்றைத் தாண்டி, இரண்டாவதில் 0-1 என்று தோற்றோம். இடது பக்கத்திலிருந்து பந்து உள்ளே வரவே இல்லை. அவனுடைய இடத்தில் ஆடிய சின்னவன் தன்னால் முடிந்ததை ஓடினான். அவன்மேல் ஒரு குறையும் இல்லை. பதினோராம் எண்ணை அவனுக்குக் கொடுக்கவில்லை. பதினான்கைக் கொடுத்தேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

20 ஜனவரி, திங்கள்

பிரைட்டனிடம் 1-3. அதைவிட, ஆட்டத்துக்குப் பின் அமோரிம் பேசியதுதான் நேற்று இரவு முழுவதும் எங்கள் பேச்சு. மான்செஸ்டர் யுனைடெட்டின் வரலாற்றிலேயே ஒருவேளை மிக மோசமான அணி நாமாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொல்கிற பயிற்சியாளர் இந்தக் கிளப்புக்கு இத்தனை வருடம் கழித்துக் கிடைத்திருக்கிறார் என்று அண்ணன் மகிழ்கிறார். "நாம்" என்று தம்மையும் சேர்த்துச் சொன்னதை நானும் மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். உடைமாற்றும் அறையில் சொன்ன சொல்லுக்கு அந்த அறையின் சுவர் எல்லை. ஆட்டக்காரன் கோபப்படலாம், அழலாம், மறுநாள் காலை அதை ஒரு பொருட்டாக எடுக்காமலும் இருக்கலாம். மைக்கின் முன் சொன்ன சொல் அவனுடைய வீட்டுக்குப் போகிறது, அவன் அம்மாவின் கைப்பேசிக்குப் போகிறது, அடுத்த மைதானத்தில் எதிரணி ரசிகனின் பாட்டாகிறது. சொன்னவர் மறந்த பிறகும் அது அவனைத் தொடர்ந்து வருகிறது. உண்மையாக இருப்பதால் மட்டும் ஒரு சொல்லை எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது.

இதை நான் தம்பியிடம் சொன்னபோது, அவன் என் முகத்தையே பார்த்தான். அன்று மைதானத்தில் அவனும் இருந்தான்.

25 ஜனவரி, சனி

லண்டனின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்தில் யுனைடெட்டின் கான்டோனா ஒரு ரசிகன்மேல் பாய்ந்து உதைத்து இன்றோடு 30 ஆண்டுகள். இதைவிடப் பெரிய ஒழுங்கு மீறலை நான் பார்த்ததில்லை. செப்டம்பர் முடியும்வரை தடை. நீதிமன்றம் முதலில் விதித்த இரண்டு வாரச் சிறை, மேல்முறையீட்டில் 120 மணி நேரச் சமூக சேவையாக மாறியது. அந்த நேரத்தைச் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுப்பதில் கழித்தார். தடைக்காலத்தில் மனம் வெறுத்து இங்கிலாந்தையே விட்டுப்போக நினைத்தவரைத் தேடிப் பாரிஸுக்குப் போனார் அன்றைய பயிற்சியாளர் பெர்குசன். அறிக்கை விடவில்லை, நேரில் போய் எதிரே உட்கார்ந்து பேசினார். 1995 அக்டோபர் 1 அன்று லிவர்பூலுக்கு எதிராகத் திரும்பிய கான்டோனா பெனால்டியில் கோல் அடித்தார். அந்தப் பருவத்தில் லீக்கும் கோப்பையும் சேர்ந்தே வந்தன.

பெர்குசன் மென்மையானவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2003இல் அவர் எத்திய பூட்ஸ் பெக்காமின் புருவத்தைக் கிழித்தது. அந்தக் கோபம் எல்லாம் கதவுக்கு உள்ளே இருந்தது. வெளியே வந்தால் தம் ஆட்களுக்காக உலகத்தோடு சண்டைபோட்டார்.

பாரிஸ் வரை போனார். எனக்கு அந்தப் பையனின் வீடு மூன்று கிலோமீட்டர்.

27 ஜனவரி, திங்கள்

நள்ளிரவுக்குப் பின் தொடங்கிய ஆட்டம். ஃபுல்ஹாமை 1-0 என்று வென்றார்கள், லிசாந்த்ரோவின் கோல். ராஷ்ஃபோர்டு மறுபடியும் இல்லை. காரணம் கேட்டதற்கு, ஒவ்வொரு நாளும் முழுமையாக உழைக்காத ஆட்டக்காரனை வைப்பதைவிட, தம் கோல்கீப்பர் பயிற்சியாளர் விடாலைப் பெஞ்சில் உட்கார வைப்பேன் என்றார் அமோரிம். அந்த விடாலுக்கு வயது 63.

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்து, வண்டியை எடுக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 11 அன்று நான் சொன்னதை இதுவரை இங்கே எழுதவில்லை. இருபத்தொரு பையன்களும், வேலியோரம் நின்ற பெரியவர்களும் கேட்க, "நீ இறங்குவதற்குப் பத்துப் பேரோடு ஆடுவது எனக்கு மேல்" என்றேன். அவன் தலையை ஆட்டினான். சட்டையைக் கழற்றி மடித்துப் பையின்மேல் வைத்துவிட்டுப் போனான். மடித்து வைத்தான், எறியவில்லை.

28 ஜனவரி

போகவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன்.

30 ஜனவரி, வியாழன்

போனேன். அவன் இல்லை. அவனுடைய அம்மா பாய் போட்டு உட்காரச் சொன்னார். டிசம்பர் முதல் தேதி இரவு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, சாலையில் நின்ற வண்டிகளையெல்லாம் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை நாடே பார்த்தது. இந்த வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இடுப்பளவுக்கு இன்னும் தெரிகிறது. கேழ்வரகு மூட்டை, புத்தகங்கள், தையல் மெஷின் என்று போனவற்றை அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த வரிசையில் பையனின் பூட்ஸும் இருந்தது.

"பெரியப்பா பையனோடத வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தான் சார். அது அவனுக்கு ரொம்பப் பெருசு. துணி அடைச்சுப் போட்டுக்கிட்டான்."

அன்று அவன் ஓடவில்லை. பந்து எதிரே வந்தபோதும் நின்றுகொண்டிருந்தான். சோம்பல் என்று நினைத்தேன். மாவட்ட அளவில் ஆடியதால் வந்த மமதை என்றும் நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் அவனுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டக்காரனின் காலைப் பார்ப்பதுதான் இருபது வருடமாக என் வேலை. அமோரிமைப் போல எல்லாவற்றையும் கவனிக்கிறவன் என்று என்னைப் பற்றி நான் நம்பியிருந்தேன். தண்ணீர் வடிந்து பத்து நாள்கூட ஆகாத ஊரில், உன் வீடு எப்படி இருக்கிறது என்று ஒரு பையனிடமும் நான் கேட்கவில்லை.

அம்மா காபி கொடுத்தார். குடித்தேன்.

3 பிப்ரவரி

ராஷ்ஃபோர்டை ஆஸ்டன் வில்லாவுக்குக் கடனாக அனுப்பிவிட்டார்கள். ஏழு வயதில் வந்து சேர்ந்த கிளப். 2016 பிப்ரவரியில் பதினெட்டு வயதில் முதல் ஆட்டத்தில் இரண்டு கோல், மூன்று நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராக இன்னும் இரண்டு. மொத்தம் 426 ஆட்டங்கள், 138 கோல். பெருந்தொற்றுக் காலத்தில் ஏழைக் குழந்தைகளின் பள்ளிச் சாப்பாட்டுக்காக ஓர் அரசாங்கத்தையே முடிவை மாற்ற வைத்தவர். பசி என்றால் என்ன என்று அறிந்த பையன் என்பதற்காகவே, மதிய உணவு தின்று வளர்ந்த நான் அவரை நேசித்தேன். சமீப காலத்தில் அவர் ஓடவில்லை என்பதும் உண்மைதான். அதை என் கண்ணாலேயே பார்த்தேன். இரண்டையும் ஒன்றாக மனத்தில் வைத்திருக்க முடிகிறது.

10 பிப்ரவரி

வில்லாவுக்காக முதல் முறை இறங்கினார். டாட்டனாமை 2-1 என்று வென்றார்கள். கடையில் பார்க்காமல் தனியாகப் பார்த்தேன்.

12 பிப்ரவரி

அண்ணன் புதுப் பூட்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கட்டும். ஆனால் அதை நான் கையில் எடுத்துக்கொண்டு போக மாட்டேன். பூட்ஸ் வேறு, நான் சொல்ல வேண்டியது வேறு. ஒன்றுக்கு மற்றொன்று ஈடு என்று அந்தப் பையன் ஒருநாளும் எண்ணக் கூடாது.

வீட்டில் தனியாகச் சொன்னால் போதாதா என்று தம்பி கேட்டான். போதாது. இருபத்தொரு பேர் கேட்கச் சொன்னதை, இருபத்தொரு பேர் கேட்கத்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

23 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று செல்சீக்கு எதிராக இடைவேளைக்குப் பின் ராஷ்ஃபோர்டு வந்தார். வில்லா பின்தங்கியிருந்தது. அசென்சியோ இரண்டு கோல் அடித்தார். இரண்டுக்கும் பந்தைக் கொடுத்தவர் ராஷ்ஃபோர்டு. இரண்டாவது கோல் 89ஆம் நிமிடத்தில். ஓடினார். பந்தை இழந்தபோதுகூடத் திரும்பி ஓடினார்.

நாளை மாலை ஐந்தரைக்கு எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறேன். வேலியோரம் நிற்கிற பெரியவர்களிடமும் சொல்லிவிட்டேன். அவனுக்குச் சின்னவன் மூலம் சொல்லியனுப்பினேன். சரி என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லையாம். சட்டை பையில் இருக்கிறது. கோடு போடச் சுண்ணாம்பு இல்லை, காலையில் வாங்க வேண்டும்.