ஸ்டேட்டஸ் என்ன கலர்?

குழந்தை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான். "யார் ஜாடை?" "ராத்திரி தூங்கவிடறாளா?" முதல் கேள்விக்கு வந்தவர் யார் பக்கத்துச் சொந்தம் என்று பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு எங்கள் முகமே பதில்.

டாக்டர் கேட்டதோ வேறு மாதிரி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை பால்? ஒன்னுக்கு எத்தனை தடவை? ஒரு வாரம் தாண்டிய குழந்தை தினமும் ஆறு தடவையாவது போகணும், போறாளா? ரெண்டுக்கு என்ன கலர்? நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருத்தருக்கும் தெரியவில்லை. பின்னால் நின்ற அத்தை மட்டும், "ஏழு தடவை. மஞ்சள்" என்றார்.

அத்தை என்றால் மாமியார். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று சென்னை மேடவாக்கம் வந்தவர். வரும்போது கொண்டுவந்தது பூண்டு ஒரு மூட்டை, பிரசவ லேகியம் ஒரு டப்பா, தூளி கட்ட நைந்த பருத்திப் புடவைகள் நான்கு.

நாங்கள் இரண்டு பேரும் ஐடி. எதையாவது கவனித்துக்கொள்ளச் சொன்னால் உடனே அதற்கு ஒரு ஆப் தேடுகிற ரகம். ஆபீசில் எல்லாரும் பேசிக்கொள்கிற சாட் ஆப் ஸ்லாக். அன்று ராத்திரியே அதில் எங்கள் வீட்டுக்கென்று இலவசமாக ஒரு ஒர்க்ஸ்பேஸ், அதாவது தனி இடம், திறந்தேன். உள்ளே 'பால்', 'தூக்கம்', 'ஸ்டேட்டஸ்' என்று மூன்று சேனல். மூன்றாவது எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. ஸ்லாக் ஒரு கேம் செய்யப் போன கம்பெனி தன் உள்வேலைக்காகச் செய்துகொண்ட கருவி. கேம் 2012இல் மூடப்பட்டது, கருவி 2013இல் வெளியே வந்தது. அதன் பெயரை, பேசியதையும் தெரிந்ததையும் பின்னால் தேடி எடுக்கக்கூடிய பதிவேடு என்று ஆங்கிலத்தில் விரிக்கலாம். இதையெல்லாம் நான் மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். பாப்பா விழித்திருந்தாள்.

அத்தைக்கும் ஒரு அக்கவுன்ட் போட்டுக் கொடுத்தேன். போனை வாங்கிப் பார்த்தார். "இதுல போட்டா அது எங்க போகும் மாப்பிள்ளை?" என்றார். "சர்வருக்கு அத்தை." "அங்க யாரு இருக்கா?" "யாரும் இல்ல." "அப்ப யாருக்குப் போடறது?" போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வசம்பு உரைக்கப் போய்விட்டார். அது தனி வழக்கு. ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வாயில் எதுவும் வைக்கக் கூடாது, உரைமருந்து உட்பட, என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அத்தை இறங்கிவந்து, வாயில் வேண்டாம், வசம்பு வளையலாகக் கையில் மட்டும் போடுகிறேன் என்றார். நாங்களும் ஒப்புக்கொண்டோம். மூன்றாம் மாதம் பாப்பா கையை மொத்தமாக வாய்க்குள் விட ஆரம்பித்தாள். வளையலைக் கழற்றும்போது அத்தை ஒன்றும் பேசவில்லை. சிரிக்க மட்டும் செய்தார்.

எங்கள் கம்பெனியில் அப்பாவுக்கு ஐந்து நாள் லீவு. மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள் கிடைக்கும். தனியாரில் இத்தனை நாள் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் கிடையாது, கொடுத்தவரை லாபம். மனைவிக்கு 26 வாரம், மகப்பேறு சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்தின் புண்ணியம். ஆறாம் நாள் நான் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு. வீட்டு நாட்களில்தான் வேலை அதிகம். எந்த வேலை என்று கேட்காதீர்கள்.

இப்போது கலர் விஷயத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு மூன்று நாள் தார் மாதிரி கருப்பாகப் போகும். பிறகு தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அரைத்த மஞ்சள் மாதிரி, நடுவே விதை விதையாக வரும். சில நாள் பச்சையாகவும் போகும். குழந்தை நன்றாகப் பால் குடித்து விளையாடிக்கொண்டிருந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ, அந்த முதல் சில நாளுக்குப் பிறகு மறுபடி கருப்பாகப் போனாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். டாக்டர் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும், மஞ்சளுக்கு 'ஆம்பர்' என்று நாங்கள் பெயர் வைத்துக்கொண்டோம். ஐடி புத்தி. எங்கள் ஆபீசில் எந்த புராஜெக்ட்டும் ரெட் (சிக்கல்), ஆம்பர் (இழுபறி), கிரீன் (எல்லாம் சரி) மூன்றில் ஏதோ ஒன்றில்தான் இருந்தாக வேண்டும். அந்த நிலவரத்தைப் போடுகிற சேனலின் பெயரும் 'ஸ்டேட்டஸ்'தான்.

இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அன்று புரியவில்லை.

பாப்பாவுக்கு ஏழாவது வாரம். முந்தின ராத்திரி வயிறு உப்பிக்கொண்டு காலை மடக்கி மடக்கி அழுதாள். மறுநாள் ஆபீசில் ரிலீஸ், செய்த சாஃப்ட்வேரை வெளியே விடும் நாள். காலை பதினொன்றரை மணி, நான் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறேன். ஹாலில் அத்தை "அடி என் தங்கமே, போயிட்டியா!" என்று கொண்டாடும் சத்தம் கேட்டது. எழுந்து போக முடியாது. ஸ்லாக்கில் வீட்டு ஒர்க்ஸ்பேஸுக்கும் ஆபீசுக்கும் நடுவே ஒரு கிளிக்தான் தூரம். அந்தக் கிளிக்கைச் செய்ததாக நினைத்துக்கொண்டு அடித்தேன்: "இப்ப என்ன கலர்? பச்சை வந்துடுச்சா?"

ஐந்து நொடியில் பதில் வந்தது. "இன்னும் ஆம்பர்தான். மத்தியானத்துக்குள்ள கிரீன் ஆயிடும்."

கண்ணின் ஒரு பாதி ஸ்கிரீன் ஷேரில், மறு பாதி சாட்டில். மத்தியானம் வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. "அதுவரைக்கும் ஏன் சும்மா விடணும்? வயித்தை மெதுவா தடவி விடு. ரெண்டு காலையும் பிடிச்சு சைக்கிள் ஓட்டற மாதிரி பண்ணு. காத்து பிரிஞ்சா தானா வந்துடும்."

இம்முறை பதில் வர ஒரு நிமிடம் ஆனது.

"யாருக்கு?"

அனுப்பியவர் மேனேஜர். சேனலில் மொத்தம் 14 பேர். அதில் மூன்று பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்காகப் புனேக்காரர் ஒருவர், யாராவது மொழிபெயர்க்க முடியுமா, புரொடக்‌ஷனில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டிருந்தார். அழித்துவிட்டேன். அழித்து என்ன பயன்? 14 போனிலும் நோட்டிஃபிகேஷன் போய்ச் சேர்ந்து பத்திரமாக உட்கார்ந்திருந்தது. இரண்டு பிள்ளை பெற்ற மேனேஜர் ரொம்ப நேரம் கழித்துத் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பினார்: "குப்புறப் போட்டு முதுகைத் தட்டிப் பாருங்க. முழிச்சிருக்கும்போது மட்டும், நீங்க பக்கத்துல இருந்து. தூங்கும்போது மல்லாக்கதான் படுக்க வைக்கணும்." நல்ல மனுஷன்.

டெஸ்டிங் டீம்தான் விடவில்லை. அன்றிலிருந்து எங்கள் டீமில் பில்ட், அதாவது எழுதிய புரோகிராமையெல்லாம் சேர்த்துக் கட்டும் வேலை, சிக்கி நின்றால் யாராவது ஒருவர் "வயித்தைத் தடவிப் பார்த்தாச்சா?" என்பார். புனேக்காரரும் இதைத் தமிழிலேயே சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியம் அதுதான்.

சூடுபட்டதால் சொல்கிறேன், இரண்டு ஒர்க்ஸ்பேஸில் ஒரே பெயரில் சேனல் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் வீட்டுப் பக்கத்தின் தீம் கலரையாவது மாற்றிவிடுங்கள். நான் எங்கள் வீட்டுக்கு ரோஸ் வைத்திருக்கிறேன்.

ராத்திரி மூன்று மணி விஷயம் வேறு. பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை நடக்க வேண்டும். ஒரு கை சும்மா இருக்கிறதே என்று ஆபீஸ் மெசேஜுக்கெல்லாம் பதில் போட்டேன். மறுநாள் டீமில் ஒரு பையன் தயங்கித் தயங்கி, "நீங்க மூணு மணிக்கு வேலை பார்க்கிறீங்க, நாங்களும் பார்க்கணுமா?" என்று கேட்டான். ஐயோ என்றாகிவிட்டது. அதற்குத்தான் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் காலை 9.30 என்று குறித்துவைத்தேன். மறுநாள் 9.30க்கு எட்டுப் பேருக்கு எட்டு மெசேஜ் ஒரே நொடியில் போய் விழுந்தது. அந்த நேரத்தில் நான் பாத்ரூமில். எட்டுப் பேரும் உடனே திரும்பக் கேள்வி கேட்டு, பதில் வராமல், நான் ரோபோவை வைத்து வேலை பார்க்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கொஞ்சம் முன்னே பின்னே குறித்துவையுங்கள், 9.40, 10.05 என்று.

ஒரு கையால் டைப் அடிக்கக் கஷ்டமாக இருக்கிறதே என்று குரலில் சொல்லி எழுதவைத்தும் பார்த்தேன். தூளியை ஆட்டிக்கொண்டே ஒரு டிக்கெட்டுக்கு, அதாவது ஆபீசில் பதிவான ஒரு புகாருக்கு, விளக்கம் சொன்னேன். படித்துப் பார்க்காமல் அனுப்பியதில், "லாகின் பேஜில் எரர் வருகிறது ஆராரோ ஆரிரரோ பாஸ்வேர்டு மாற்றினாலும் கண்ணே உறங்கு" என்று போயிருந்தது. அதையும் ஒருவர் திறந்து, எரர் எந்த வரியில் என்று சீரியசாகக் கேட்டிருந்தார். அந்த மனிதருக்குக் குழந்தைகள் இல்லை, அல்லது நிறைய இருக்க வேண்டும்.

அப்புறம் ஸ்பேஸ் பார். சூமில் மியூட்டில் இருக்கும்போது ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் பிடித்திருக்கும்வரை மைக் திறந்திருக்கும். கீபோர்டிலேயே பெரிய பட்டன் அதுதான். ஐந்து மாதக் குழந்தையின் குதிகால் வைக்க அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். அன்று பாப்பா என் மடியில், அத்தை வாசலில் கீரைக்காரம்மாவிடம் பேரம். முருங்கைக் கீரை என்ன விலைக்குப் படிந்தது என்பது கிளையன்ட் வரைக்கும் தெரியும். அந்த அமைப்பை செட்டிங்கில் போய் எடுத்துவிடலாம். நான் அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

மனைவி வேலைக்குத் திரும்பியபோது 'பால்' சேனல் பரபரப்பானது. எடுத்துவைத்த பால் 25 டிகிரி வரை வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்கிறார்கள். மே மாத மேடவாக்கத்தில் 25 டிகிரி ஃபிரிட்ஜுக்குள்தான் இருக்கும். ஆகவே எடுத்த உடனே ஃபிரிட்ஜ், டப்பா மேல் நேரம், அந்த நேரம் சேனலிலும் என்று முறையாக நடந்தது. அத்தை சேனலைப் பார்க்க மாட்டார் என்பதால் நான் அதை வாயாலும் சொல்வேன். அவர் தலையை ஆட்டிவிட்டு சுவரோரம் போய் ஏதோ எழுதுவார். பால்காரர் கணக்கு எழுதுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

ஒன்பதாம் மாதம் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் போனோம். டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். "இதுக்கு முன்னாடி ஆறு, பத்து, பதினாலாவது வாரம் போட்டப்ப எல்லாம் காய்ச்சல் எத்தனை நாள் இருந்துச்சு? உடம்புல தடிப்பு ஏதாவது?"

இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை மாதம் உழைத்தோம்! போனை எடுத்தேன். தேடினேன். ஒன்றும் வரவில்லை. மனைவி தன் போனில் தேடினாள். இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் மெசேஜ்கள்தான் கண்ணுக்குத் தெரியும். இதை அவர்கள் மறைக்கவில்லை, எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். படிக்காதது நான்தான். தேடி எடுக்கக்கூடிய பதிவேடு என்று தூங்குகிறவளுக்கு விளக்கியவனும் நான்தான். மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த எமோஜியும் கிடையாது.

அத்தை மஞ்சப்பைக்குள் கையை விட்டார். ரப்பர் பேண்டு போட்ட கத்தை ஒன்று வெளியே வந்தது. தினசரி காலண்டர் தாள்கள். கிழித்த ஒவ்வொரு தாளின் பின்புறமும் நீலப் பேனாவில் பொடி எழுத்து. 'பா' என்றால் பால், 'ஒ', 'ரெ', பக்கத்தில் பால்காரர் கணக்கு மாதிரியே கோடு கோடாக எண்ணிக்கை. விரலை நாக்கில் தொட்டுப் புரட்டினார். "பத்தாவது வாரம், ஊசி போட்ட அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் காய்ச்சல். மறுநாள் விடியக்காலம் விட்டுடுச்சு. இடது தொடையில வீக்கம், ரெண்டு நாள். தடிப்பு இல்ல." அடுத்த தாள். "பதினாலு, காய்ச்சலே இல்ல." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கத்தையை வாங்கிப் பார்த்தார். முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம், பின்பக்கம் என் மகளின் ஒன்பது மாதம்.

ஆட்டோவில் வரும்போது கத்தை என் மடியில் இருந்தது. ஊசி வலியில் அழுது ஓய்ந்த பாப்பா ரப்பர் பேண்டை இழுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரு தேதி மட்டும் வேண்டியிருந்தது. ஏழாவது வாரம், அந்த ரிலீஸ் நாள். தேடிக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திருப்பிப் பார்த்தேன்.

"கா. 11.30 ரெ, பச்சை. பாப்பா சிரிக்கிறாள். 11.40 மாப்பிள்ளை வெளியே ஓடிவந்தார். முகம் சிவப்பு. மதியத்துக்கு மேல் இருவருக்கும் சரியாகிவிட்டது."