மலை ரயிலில் ஒரு மர்ம நாவல்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். மலை ரயில் ஏற ஏறக்குறைய 5 மணி நேரம். பிடித்த எழுத்தாளரின் பாக்கெட் நாவல் ஒன்றை முடிக்கத் தாராளம். கல்லாறு வரை சமவெளிதான், முதல் அத்தியாயங்களை அதற்குள் படித்துவிடுங்கள். பிறகு குன்னூர் வரை, சரிவில் ரயில் வழுக்காமல் பற்றி ஏறும் பல்சக்கரப் பாதை, குகைகள். கொலைகாரன் கதவைத் தட்டும்போதுதான் பெட்டி இருட்டும்!

இவ்வகை மர்மக் கதைகள் பலவற்றில் காதல் ஒரு தண்டவாளம், குற்றம் இன்னொன்று; அத்தியாயங்கள் மாறி மாறி வரும். காதல் பக்கங்களைத் தாண்டிப் போகிறவர்கள் கடைசியில் முழிப்பார்கள். துப்பு சில நேரம் அங்கேதான், காதலி போகிறபோக்கில் சொல்லும் ஒரு நேரத்திலோ ஊர்ப் பெயரிலோ ஒளிந்திருக்கும். நேரங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டு வையுங்கள்.

ஊட்டி ஈரத்தில் நாவலின் சாணித்தாள் ஊறும், ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும். அடுப்பருகே காயவைத்தால் அட்டை சுருளும். புத்தகத்தை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போடுங்கள்.