புதிய விமானியின் முதற்சம்பளம்: காணி உறுதியை ஈடு வைக்கும் முன்

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்த பிள்ளையை விமானியாக்கலாமா என்று கேட்டு வரும் பெற்றோரை இப்போது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி சந்திக்கிறேன். திமிலைதீவு ஓடுபாதை 2016 இல் உள்நாட்டு விமான நிலையமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, சினமன் எயாரின் சிறிய செஸ்னா கரவன் விமானங்கள் வாவிக்கு மேலாகத் தாழ்ந்து வந்திறங்கத் தொடங்கியபின், அந்த விருப்பம் எட்டாத ஒன்றாகத் தோன்றவில்லை. வங்கியொன்றின் கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்பதால் பெற்றோர் என்னிடம் கேட்பது பறப்பைப் பற்றியல்ல, பணத்தைப் பற்றியே. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்த ஒரு தகப்பன் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: “பொடியன் பைலட் ஆகிற்றான் எண்டா முதல் மாசமே எவ்வளவு சேர் கைக்கு வரும்?” அது மிகச் சரியான கேள்வி. இணையத்தில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் மூத்த கப்டன்மாரின் வருமானத்தையே காட்டுகின்றன. கடனைக் கட்டத் தொடங்க வேண்டியவனோ முதலாண்டுத் துணை விமானி.

முதலில் கணக்கு முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அமெரிக்காவை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஐக்கிய அமெரிக்காவின் பிராந்திய விமான நிறுவனங்களில், அதாவது பெரிய நிறுவனங்களுக்காகச் சிறு விமானங்களை ஓட்டும் நிறுவனங்களில், சம்பளம் மணிக்கணக்கில் வழங்கப்படுகிறது. விமானம் புறப்படும் இடத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து சேருமிடத்தில் நிற்கும் வரையான நேரமே பொதுவாக அந்த மணிக்கணக்கில் சேரும். விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரமும், காலநிலை அறிக்கையைப் படித்து விமானத்தைச் சுற்றிப் பரிசோதிக்கும் நேரமும், விடுதியில் தங்கும் இரவும் பெரும்பாலும் அதில் அடங்குவதில்லை. வெளியூர்ப் படி என்று சிறு தொகை தனியாகக் கிடைக்கும். பறப்புக் குறைந்த மாதத்திலும் ஏறத்தாழ 75 மணிக்கான சம்பளம் உறுதி என்பது அங்குள்ள பரவலான ஏற்பாடு. ஆகவே மணிக்கு 90 டொலர் என்று யாரேனும் சொன்னால் அதை அலுவலக வேலைநேரத்தால் பெருக்கக்கூடாது. 75 ஆல் பெருக்கிப் பின்னர் 12 ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 81,000 டொலர் வரும். அதுவும் பெரிய தொகைதான். ஆனால் அந்த 90 டொலர் எப்போது, எதனால் வந்தது என்பதை அறியாமல் அந்த எண்ணை நம்பிக் கடன் எடுப்பது ஆபத்தானது.

பிராந்திய நிறுவனம் என்பது பெரும்பாலும் தன் பெயரில் பயணச்சீட்டு விற்பதில்லை. பெரிய விமான நிறுவனம் ஒன்றின் பெயரும் நிறமும் தாங்கிய சிறு விமானங்களை, அந்தப் பெரிய நிறுவனத்துக்காக ஒப்பந்த அடிப்படையில் ஓட்டுகிறது. எரிபொருளுக்கான செலவைப் பல ஒப்பந்தங்களில் பெரிய நிறுவனமே ஏற்கும். சீட்டின் விலையையும் அதுவே தீர்மானிக்கும். அடுத்த ஒப்பந்தத்தைப் பெறுவதற்குப் போட்டியிடும் சிறு நிறுவனம் தன் கையில் மிஞ்சியிருக்கும் செலவைத்தான் குறைக்க முடியும். அது ஆட்களின் சம்பளம். இளம் விமானிகளும் அதைப் பொறுத்துக்கொண்டார்கள், ஏனெனில் அவர்களுக்குத் தேவைப்பட்டது பணத்தைவிடப் பறப்பு மணிகள். மணிகள் சேர்ந்தால் பெரிய நிறுவனத்துக்குப் போகலாம். இப்படித்தான் 2000 களின் இறுதியில், பலர் ஐம்பது பேரை ஏற்றிய ஜெட் விமானத்தின் வலப்பக்க ஆசனத்தில், அதாவது துணை விமானியின் இடத்தில், மணிக்கு 20 டொலரை ஒட்டிய சம்பளத்துக்கு உட்கார்ந்தார்கள். அதே 75 மணிக் கணக்கில் அது ஆண்டுக்கு 18,000 டொலர். பயிற்சிக்காக அவர்கள் பட்ட கடனோ அதைப்போலப் பல மடங்கு.

2009 பெப்ரவரி 12 ஆம் திகதி இரவு நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கொல்கன் எயார் 3407 இலக்க விமானம் தரையிறங்குவதற்குச் சற்று முன்னர் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். விமானம் வேகமிழந்து விழும் நிலையை நெருங்குவதாக எச்சரிக்கை வந்தபோது கப்டன் தவறாகச் செயற்பட்டதே முதன்மைக் காரணமென விசாரணை முடிவு கூறியது. சம்பளத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. ஆனால் விசாரணையில் வெளிவந்த செய்திகள் மக்களை உலுக்கின. இருபத்து நான்கு வயதான துணை விமானி, வேலைக்குப் போவதற்காகவே சியாட்டிலிலிருந்து இரவோடிரவாக நாட்டின் மறுகரைக்கு விமானங்களில் பயணித்து வந்திருந்தார். அவருடைய ஆண்டு வருமானம் 16,000 டொலர் என்றும் 24,000 டொலருக்குச் சற்றுக் குறைவு என்றும் வெவ்வேறாகச் சொல்லப்பட்டது. பணியிடத்துக்கு அருகில் வீடெடுத்துத் தங்க இயலாத வருமானம் அது. களைப்பு விமானிகள் இருவரின் செயற்பாட்டைப் பாதித்திருக்கக்கூடும், எந்த அளவுக்கு என்று நிர்ணயிக்க முடியாது என்று விசாரணையாளர்கள் எழுதினார்கள். விமானியின் தொடக்கச் சம்பளத்தை அந்த ஊழியரின் சொந்த விடயமாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வராததற்கு இந்த விபத்தே காரணம். பின்னிருக்கைகளில் இருக்கும் அனைவரும் அதில் பங்காளிகள்.

உறவுகளை இழந்த குடும்பங்கள் விடாமல் போராடியதன் விளைவாக 2010 இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2013 முதல், பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்வதற்கும் பொதுவாக 1,500 பறப்பு மணிகள் வேண்டும். விமானவியல் பட்டதாரிகளுக்கும் படைத்துறையிலிருந்து வருவோருக்கும் சலுகை உண்டு. முன்பு 250 மணியோடு சேர முடிந்தது. இந்தச் சட்டம் சம்பளத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, ஆனால் வாசல் ஒடுங்கியதும் வருவோர் குறைந்தார்கள். நிறுவனங்கள் முதலில் மணிக்கணக்குச் சம்பளத்தைக் கூட்டாமல் சேரும்போது ஒரு தொகையை ஊக்கப்பணமாகக் கொடுத்தன. பெருந்தொற்றுக் காலத்தில் மூத்த விமானிகள் ஆயிரக்கணக்கில் முன்கூட்டியே ஓய்வு பெற்றிருந்ததால், பயணிகள் திரும்பிவந்தபோது பெரிய நிறுவனங்கள் சிறு நிறுவனங்களின் ஆட்களை அள்ளிக்கொண்டன. 2022 ஜூனில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் குழுமத்தைச் சேர்ந்த பீட்மொன்ட், என்வோய், பிஎஸ்ஏ ஆகிய மூன்றும் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டொலர் என்று அறிவித்தன. அதில் ஒரு பகுதி தற்காலிக மேலதிகக் கொடுப்பனவு. சில மாதங்களுக்குள் மெசா நிறுவனம் 100 டொலருக்குப் போனது. ஒரே ஆசனம், ஒரே பொறுப்பு, ஏறக்குறைய ஒரே விமானம். பதினைந்து ஆண்டுகளுக்குள் சம்பளம் நான்கு மடங்குக்கு மேல்.

இதில் எம்மவர் கவனிக்க வேண்டியது ஏற்றத்தை அல்ல, ஏற்றத்தின் காரணத்தை. சம்மாந்துறைக் கமக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: விதைப்புக்கு எவ்வளவு செலவானது என்று பார்த்து யாரும் நெல்லுக்கு விலை சொல்வதில்லை, அறுவடைக் காலத்தில் சந்தையில் எவ்வளவு நெல் குவிந்திருக்கிறது என்பதே விலையைச் சொல்கிறது. பயிற்சி முடிக்கும் ஆண்டில் எத்தனை பேர் உரிமத்தோடு காத்திருக்கிறார்கள் என்பதே முதற்சம்பளத்தைத் தீர்மானிக்கும். 2024 இல் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் ஆட்சேர்ப்பைக் குறைத்தபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் கதவு திறந்து வரவேற்கப்பட்ட அதே தகுதியுள்ளவர்கள் வரிசையில் நிற்க நேர்ந்தது.

நமது பக்கத்தில் அந்த 1,500 மணி வாசலும் இல்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் வணிக விமானி உரிமத்துக்கு ஏறத்தாழ 200 மணி பறந்தால் போதும். கப்டன் ஆவதற்கான உரிமத்துக்கே 1,500 மணி வேண்டும். எனவே உரிமம் பெற்ற இளைஞர் பலர், ஆசனங்கள் சில. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்குப் பறக்கும் ஏடிஆர் 72 போன்ற விமானத்தில் உட்காருவதற்கு, அந்த வகை விமானத்துக்கென்றே தனித் தகுதிப் பயிற்சி வேண்டும். அதன் செலவை உலகெங்கும் பல நிறுவனங்கள் புதியவரின் தலையிலேயே கட்டுகின்றன. அல்லது தாமே செலவழித்துவிட்டு, சில ஆண்டுகள் விலகாமலிருக்கப் பிணை எழுதி வாங்குகின்றன. முதலாண்டுச் சம்பளம் தாளில் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், இந்தக் கழிவுக்குப் பின் எவ்வளவு என்று கேட்க வேண்டும். அமெரிக்கச் சம்பளம் அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை உள்ளவர்களுக்கே உரியது என்பதைச் சொல்லும்போது பல பெற்றோரின் முகம் வாடுவதைக் கண்டிருக்கிறேன், ஆனாலும் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

கடன் விடயத்தில் 2022 ஆம் ஆண்டை மறக்கவே கூடாது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ஐத் தாண்டியது. வெளிநாட்டில் டொலரில் கட்டணம் செலுத்திப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்கு, மீதிக் கட்டணம் இரண்டு மாதங்களில் ஒன்றேமுக்கால் மடங்கானது. நடுவழியில் நிறுத்திய பயிற்சிக்கு உரிமம் கிடையாது. கடன் மட்டும் முழுமையாக இருக்கும். எங்கள் பகுதியில் ஈடு வைக்கப்படுவது பெரும்பாலும் மகளுக்கென்று ஒதுக்கிய வளவும் வீடும்தான். பெண்பிள்ளைக்கே வீடு என்ற வழமை இறுகி நிற்கும் மண்ணில், தம்பியின் பறப்புக்காக அக்காவின் குடியிருப்பை வங்கிக்கு எழுதுவதற்கு நான் உடன்படவில்லை, அந்தத் தகப்பனிடமும் அதை நேரே சொன்னேன். வயற்காணியில் ஒரு பகுதியை ஈடு வைப்பதானால் யோசிக்கலாம் என்றும், தவணை தொடங்குவதற்கு முன் பயிற்சிக் காலத்தோடு வேலை தேடும் காலத்தையும் சேர்த்துச் சலுகைக் காலம் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன்.

பயிற்சி நிலையத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்பே விமானிகளுக்கான முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும். கண்பார்வையிலோ நிறங்களைப் பிரித்தறிவதிலோ இதயத்திலோ குறை தெரிந்தால் அப்போதே தெரியட்டும். அதன்பின் பயிற்சி நிலையத்தாரிடம் கேட்க வேண்டியது, கடந்த இரண்டு ஆண்டுகளில் உரிமம் பெற்று வெளியேறியவர்கள் இன்று எங்கே பறக்கிறார்கள், முதல் வேலை கிடைக்க எவ்வளவு காலம் எடுத்தது, முதலாண்டில் கையில் என்ன வாங்கினார்கள் என்பதே. அவர்களில் இருவரையாவது தொலைபேசியில் பேச வைக்குமாறு கேளுங்கள். பேச வைக்க மறுக்கும் நிலையத்தில் பணம் கட்ட வேண்டாம்.