பாதம் பதியும் இடம்

யாழ்ப்பாணம் வலிகாமத்துக் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக நியமனம் பெற்றுச் சென்றபோது, கோலூன்றிப் பாய்தலுக்கென அங்கு இருந்தவை இரண்டு மூங்கிற் தடிகளும், நடுவில் குழி விழுந்த பழைய மெத்தையொன்றும், எட்டுப் பிள்ளைகளுமே. பதினாறு ஆண்டுகளின் பின் நான் அங்கிருந்து இடமாற்றம் பெற்றபோது, மாகாண மட்டத்தில் பதக்கம் பெற்று அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிக்குச் செல்வது எங்கள் பிள்ளைகளுக்கு வழமையான காரியமாகியிருந்தது. இடையில் என்ன செய்தீர்கள் என்று இளைய ஆசிரியர்கள் இப்போதும் கேட்கிறார்கள். பிள்ளைகளின் இடது பாதம் எங்கே பதிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் நான் சொல்லக்கூடிய உண்மையான விடை.

முதல் மூன்று ஆண்டுகள் நானும் மைதானத்துக்கு வரும் எல்லோரையும் போலக் குறுக்குத்தடியையே பார்த்தேன். தடி விழுந்தால், இடுப்பு உயரவில்லை, கால் மேலே போகவில்லை, நெஞ்சு தட்டிவிட்டது என்று மேலே நடந்ததை வைத்தே பிள்ளைகளைத் திருத்தினேன். அவர்களும் நான் சொன்னதைச் செய்ய முயன்றார்கள். ஆனாலும் உயரம் கூடவில்லை. பௌதிகவியல் ஆசிரியரான நண்பர் ஒருவர் ஒருநாள் மாலை மைதானத்து ஓரத்தில் குந்தியிருந்து, ஈர்க்கினால் மண்ணில் ஒரு கணக்கை எழுதிக் காட்டினார். ஒரு பிள்ளை வினாடிக்கு 7 மீற்றர் வேகத்தில் ஓடி வந்து அந்த வேகம் முழுவதையும் உயரமாக மாற்றினால், அவளுடைய உடலின் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ இரண்டரை மீற்றர் உயரும். நிற்கும்போதே அது நிலத்திலிருந்து ஒரு மீற்றரளவில் இருப்பதால், மூன்றரை மீற்றர் என்பது எட்டக்கூடிய உயரமே. வேகம் 8 மீற்றராகக் கூடினால் அதே கணக்கு நாலேகால் மீற்றருக்கு வந்துவிடுகிறது. எங்கள் பிள்ளைகளோ அந்த வேகத்தில் ஓடி வந்தும் இரண்டரை மீற்றரைக்கூடச் சிரமப்பட்டே பாய்ந்தார்கள். அப்படியானால் வேகம் எங்கோ வழியில் வீணாகிறது. அது எங்கே வீணாகிறது என்று தேடத் தொடங்கிய நாளிலிருந்தே நான் பயிற்றுநர் ஆனேன் என்று நினைக்கிறேன்.

வலக்கைப் பழக்கமுள்ள ஒருவர் பாயும்போது, கோலை உயரப் பிடித்திருக்கும் வலது கைக்கு நேர் கீழே இடது பாதம் பதிந்து எழ வேண்டும். பாதம் அதைவிட ஓரடி உள்ளே, அதாவது கோலூன்றும் பெட்டிக்குக் கிட்டவாகப் பதிந்துவிட்டால், கோல் பெட்டியின் பின்சுவரில் முட்டும் அந்தக் கணத்தில் பிள்ளையின் கையைப் பின்னோக்கி இழுத்துவிடும். உடல் ஒரு குலுக்குக் குலுங்கும். ஓடி வந்த வேகத்தின் பெரும்பகுதி அந்தக் குலுக்கலிலேயே போய்விடும். அதன் பிறகு மேலே இடுப்பைத் தூக்கு, காலை நீட்டு என்று கத்துவதில் பயனில்லை.

எங்களுக்கு அப்போது செயற்கை ஓடுபாதை இருக்கவில்லை. வலிகாமத்துச் செம்மண்ணைத் தட்டி இறுக்கி, ஓடுபாதைக்குரிய 1.22 மீற்றர் அகலத்தில் கயிறு பிடித்து நாங்களே அமைத்த பாதைதான் இருந்தது. அந்த மண் ஒவ்வொரு பாதத்தையும் அப்படியே பதிந்து வைத்துக் காட்டியது. பிள்ளை பாய்ந்து மெத்தையில் விழுந்ததும், நான் அளவு நாடாவுடன் போய்ப் பெட்டியிலிருந்து இடது பாதத்தின் பெருவிரல் தடம் வரை அளந்து கொப்பியில் எழுதுவேன். கீழ் வகுப்புப் பிள்ளையொன்று தும்புத்தடியால் அந்த இடத்தைத் தடவிச் சமப்படுத்த, அடுத்தவர் ஓடத் தொடங்குவார். தடத்தின் ஆழமும் பேசும். குதி ஆழமாகப் பதிந்திருந்தால் கடைசி எட்டை, அதாவது கடைசிக் காலடியை, நீட்டி வைத்திருக்கிறார். முன்பாதம் மட்டும் கீறியிருந்தால் எட்டுகளைக் குறுக்கி இடத்துக்கு வர முயன்றிருக்கிறார். பின்னாளில் நல்ல செயற்கைப் பாதைகளில் பயிற்சி கொடுக்கும் வாய்ப்புகள் வந்தபோது, அந்தத் தடங்கள் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகவே இருந்தது.

அளந்து அளந்து எழுதியபோதுதான், தவறு கடைசி எட்டில் தெரிந்தாலும் அது பிறப்பது முதல் இரண்டு எட்டுகளில் என்பது விளங்கியது. கோலைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது ஒரு நாள் பாய்ந்து புறப்படுவதும், இன்னொரு நாள் அசைந்து அசைந்து புறப்படுவதுமாக இருந்தால், இறுதியில் வரும் வித்தியாசத்தைக் கண் தானாகவே கணக்கிட்டு எட்டுகளை நீட்டவோ குறுக்கவோ செய்கிறது. ஆகவே எழும் இடத்துக்கு ஆறு எட்டுகள் முன்னே பாதையோரத்தில் ஒரு செங்கல்லை வைத்தேன். பாதம் அந்தக் கல்லுக்கு நேரே விழுகிறதா என்பதைக் கவனிக்க ஒரு பிள்ளையை நிறுத்தினேன். காற்றையும் கணக்கில் எடுத்தோம். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று முதுகில் அடிக்கும் நாட்களில் புறப்படும் குறியை ஓரடி பின்னே தள்ளுவோம். மழைக்காலம் கிட்டி வாடைக்காற்று எதிரே திரும்பியதும் முன்னே கொண்டுவருவோம். முக்கியமான போட்டிகள் பலவும் சோளகக் காலத்திலேயே வந்ததால், காற்றைத் தோலில் உணர்ந்து குறியை மாற்றும் பழக்கம் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய பலமாயிற்று.

மூங்கிலை நாங்கள் வறுமையினால் மட்டும் வைத்திருக்கவில்லை. 1940இல் 15 அடியைப் பாய்ந்த முதல் மனிதரான அமெரிக்கர் கோர்னேலியஸ் வார்மர்டாம் பிடித்திருந்ததும் மூங்கிற் கோல்தான். 1942இல் அவர் பாய்ந்த 4.77 மீற்றரைப் பதினைந்து ஆண்டுகள் வரை ஒருவரும் மிஞ்சவில்லை. மூங்கில் பெரிதாக வளைந்துகொடுக்காது. பாதமும் கையும் சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு வராவிட்டால் அது உடனே பிள்ளையின் தோளுக்குச் சொல்லிவிடும். வளையும் கோலோ சிறு தவறுகளைத் தன்னுள் வாங்கிக்கொண்டு மறைத்துவிடுகிறது. ஆகவே புதிதாக வரும் எந்தப் பிள்ளையும் முதல் ஆறு மாதம் நீளம்பாய்தல் மணற்குழியில், தாழப் பிடித்த மூங்கிலோடுதான் பழக வேண்டும் என்று வைத்திருந்தேன். வேப்பமரக் கிளையில் கட்டிய கயிற்றில் தொங்கி ஊஞ்சலாடி, கால்களைத் தலைக்கு மேலே கொண்டுபோவதும் அந்தக் காலத்துப் பாடம்தான்.

பைபர்கிளாஸ் கோல்கள் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருந்த பழைய மாணவர்களின் உதவியால் ஒவ்வொன்றாக வந்தன. இந்தக் கோல்களில் நீளத்தோடு எத்தனை பவுண்டு எடையுள்ளவருக்கு உரியது என்பதும் எழுதப்பட்டிருக்கும். பொதுவாக ஐந்தைந்து பவுண்டாக அந்த வரிசை ஏறிச் செல்லும். வளரும் வயதுப் பிள்ளை ஒரே பருவத்தில் இரண்டு மூன்று கோல்களைத் தாண்டிப் போய்விடும். எடை கூடுவதோடு ஓட்டத்தின் வேகமும் பிடியின் உயரமும் கூடுவதால் நேற்றுப் பொருந்திய கோல் இன்று மிதமிஞ்சி வளையும். ஆகவே கோல் எந்தப் பிள்ளைக்கும் சொந்தமாக முடியாது. ஒவ்வொரு கோலுக்கும் ஓர் எண் கொடுத்து, அதை யார் எந்தப் பிடியில், எத்தனை எட்டு ஓட்டத்தில் பாவித்தார் என்று ஒரு பதிவேடு வைத்தோம். மேலே போகும் பிள்ளை தன் கோலை அடுத்த பிள்ளையிடம் தானே கொடுத்து, அதன் தன்மையையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். "இது கொஞ்சம் பிந்தித்தான் நிமிரும், அவசரப்படாதை" என்று பதினேழு வயதுப் பிள்ளை பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்வதை நான் பல முறை கேட்டிருக்கிறேன். நான் கொடுத்த எந்த விளக்கத்தையும்விட அந்தச் சொல் வேகமாகப் போய்ச் சேர்ந்தது.

அந்த வரிசையில் இருந்த ஓர் இடைவெளியே என் பணிக்காலத்தின் மிகப் பெரிய தவறுக்கு வழியாயிற்று. மாகாணப் போட்டிக்கு இரண்டு நாள் இருந்தது. பதினேழு வயது மாணவன் ஒருவன் அந்த மாதம் மிக வேகமாக முன்னேறியிருந்தான். அவனுடைய கோல் அவனுக்குப் போதாமற் போய்விட்டது. எங்களிடம் இருந்த அடுத்த கோலோ அதைவிடப் பதினைந்து பவுண்டு இறுக்கமானது. இடையில் இருக்க வேண்டிய இரண்டு கோல்கள் எங்களிடம் இல்லை. பழைய கோலிலேயே பிடியைத் தாழ்த்திப் போட்டிக்கு அனுப்பியிருக்கலாம். நான் புதிய கோலைக் கையில் கொடுத்து, முழு ஓட்டமும் ஓடச் சொன்னேன். கோல் நிமிர்ந்து செங்குத்துக்கு வரவில்லை. அவன் மேலே ஒரு கணம் நின்று, மெத்தைப் பக்கம் போகாமல், ஓடி வந்த பாதையிலேயே திரும்ப விழுந்தான். ஊன்றிய கையின் மணிக்கட்டு முறிந்தது. வைத்தியசாலை வாசலில் அவனுடைய தாயார், "சேர் பக்கத்தில நிண்டபடியா நான் பயப்பிடேல்லை" என்றார். எனக்கு எதிரே நின்று அவர் அதைச் சொன்ன விதத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. விழுந்ததற்குக் காரணமே நான்தான் என்று அன்று மாலையே அவரிடம் சொன்னேன்.

அதன் பிறகு எங்கள் மைதானத்தில் யாரும் புதிய கோலை முழு ஓட்டத்தில் தொடங்கியதில்லை. நான்கு எட்டில், தாழப் பிடித்துத் தொடங்கி, மெத்தையின் நடுவுக்கும் அப்பால் மூன்று முறை தொடர்ந்து விழுந்த பின்பே இரண்டு எட்டுக் கூட்ட வேண்டும். அந்த மூன்று முறை வராவிட்டால், எவ்வளவு பெரிய போட்டி முன்னால் இருந்தாலும் கோல் திரும்பவும் தாங்கிக்குப் போய்விடும். அத்தோடு, ஓடி வரும் பிள்ளை சரியில்லை என்று உணர்ந்தால் காரணம் சொல்லாமலே பாயாது விடலாம் என்றும் அறிவித்தேன். இந்த இரண்டாவது விடயம் எளிதாக இருக்கவில்லை. பாயாமல் ஓடிப் போவது ஒரு முறை புத்திசாலித்தனம். நாலு முறை நடந்துவிட்டால் அது உடலில் ஊறிவிடும்.

மாணவி ஒருத்திக்கு அது ஊறிவிட்டது. ஒரு மாலையில் பதினொரு முறை ஓடி வந்து, பதினொரு முறையும் பெட்டிக்கு முன்னால் கோலை விட்டுவிட்டு மெத்தைக்குள் ஓடிப் போனாள். பன்னிரண்டாவது முறை புறப்படும் இடத்திலேயே நின்று அழுதாள்.

"சேர், கால் எழும்புதில்லை."

"எழும்பும் பிள்ளை. இண்டைக்கு நாலு எட்டுப் போதும். குறுக்குத்தடியும் வேண்டாம்."

தைரியமாகப் பாய் என்று சொல்லி அந்த அச்சத்தைத் தீர்க்க முடியாது என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோது, அவளுடைய பாதம் அந்த மாதம் முழுவதும் 25 சென்ரிமீற்றர் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அவள் உயரமாக வளர்ந்திருந்தாள், எட்டுகள் நீண்டிருந்தன, புறப்படும் குறியை நான் மாற்றியிருக்கவில்லை. உடல் ஆபத்தைச் சரியாக உணர்ந்து மறுத்திருக்கிறது. மூன்று வாரம் நான்கு எட்டில், பிறகு ஆறு எட்டில், பிறகு எட்டு எட்டில் என்று ஏறி, ஏழாவது வாரம் முழு ஓட்டத்துக்கு வந்தாள். அச்சம் என்று நாம் பெயர் வைப்பவற்றுள் பெரும்பகுதி அளவில் உள்ள பிழைதான் என்று அன்றிலிருந்து நம்புகிறேன்.

பெண் பிள்ளைகளைச் சேர்ப்பது தொடக்கத்தில் கடினமாகவே இருந்தது. ஒலிம்பிக்கில்கூடப் பெண்களுக்கான கோலூன்றிப் பாய்தல் 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. எங்கள் ஊர்த் தாய்மார் தயங்கியதில் வியப்பில்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிலிருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து, அவருடைய படம் பத்திரிகைகளின் முன்பக்கத்தில் வந்த பிறகு, அந்தத் தயக்கத்தோடு நான் அதிகம் போராட வேண்டியிருக்கவில்லை. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் அருந்தவராசா புவிதரன் 5 மீற்றரைக் கடந்தபோது ஆண் பிள்ளைகளின் கண்களிலும் அதே மாற்றத்தைப் பார்த்தேன். போராட்டம் ரியூசனோடுதான் எஞ்சியிருந்தது. சாதாரண தரப் பரீட்சை ஆண்டில் பிள்ளைகளை மாலையில் விடமாட்டார்கள். ஆகவே காலை ஐந்தரைக்கு, பனி ஈரம் காயாத பாதையில், பாய்தல் இல்லாமல் ஓட்டமும் கோல் தாழ்த்தும் பயிற்சியும் மட்டும் வைத்துக்கொண்டோம். அந்த ஓராண்டு பாய்தல் குறைந்த பிள்ளைகளே அடுத்த ஆண்டு கூடுதலாக உயர்ந்தார்கள் என்பதை என் பதிவேடு காட்டுகிறது.

கொழும்பில் நடைபெறும் போட்டிகளுக்குக் கோல்களைக் கொண்டுபோவது தனி வேலை. வளைக்கவோ மடிக்கவோ முடியாத நாலு மீற்றர் நீளப் பொருளை எந்தப் பேருந்தும் விரும்பி ஏற்றாது. பழைய பாயாலும் சாக்காலும் சுற்றி, மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறியின் மேல் கட்டி, கோலுக்குக் காவலாக ஒரு பழைய மாணவரையும் முதல் நாளே அனுப்பிவிடுவோம். சிறு கீறல் விழுந்தாலும் பாரம் ஏறும்போது கோல் அந்த இடத்தில் முறியக்கூடும் என்பதால், இறக்கியவுடன் ஒவ்வொரு கோலையும் விரலால் தடவிப் பார்ப்பது என் வழக்கம். கோல் இல்லாமல் வந்த வேறு பாடசாலைப் பிள்ளைகளுக்கும் எங்கள் கோல்களைக் கொடுத்திருக்கிறோம். அவர்களும் எங்களுக்குத் தந்திருக்கிறார்கள்.

நான் இடமாற்றம் பெறுவதற்கு முந்திய ஆண்டு, சுகததாச விளையாட்டரங்கில், பதினொரு முறை பாயாமல் விட்ட அதே மாணவி தன் மூன்றாவது முயற்சிக்காகப் பாதையின் தொடக்கத்தில் நின்றாள். தவறினால் போட்டி அத்துடன் முடியும். மணிக்கட்டு முறிந்த மாணவன் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். விடுமுறையில் எங்களுக்கு உதவியாக வந்து, பார்வையாளர் பகுதியில் பெட்டிக்கு நேரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் கொப்பி அவனிடம் இருந்தது. அவள் ஓடினாள், ஊன்றினாள், எழுந்தாள். அரங்கில் இருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், ஆரவாரம் எழுந்தது. அவன் தலை நிமிரவில்லை. கொப்பியில் எதையோ எழுதிவிட்டு, கூட்டத்துக்கு மேலால் என்னைப் பார்த்துப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சிறிதே விலக்கிக் காட்டினான். ஐந்து சென்ரிமீற்றர் உள்ளே. அதற்குப் பிறகுதான் பக்கத்தில் நின்றவரிடம், தடி நிற்கிறதா என்று கேட்டான்.