மருத்துவர் முன் மட்டும் நல்ல பிள்ளை

வேளச்சேரியில் எங்கள் தெருமுனை மருத்துவரிடம் மூன்று ஆண்டுகளாக 128/82 என்றே காட்டிவந்த என் ரத்த அழுத்தம், இடுப்பில் சிறு கருவியைக் கட்டி 24 மணி நேரமும் அளந்தபோது சராசரியாக 141/89 ஆக இருந்தது. பறக்கும் ரயிலில் நின்றபடி வந்தபோதும், நள்ளிரவில் அலுவலக அழைப்பை முடித்துப் படுத்த பின்னும், கைப்பட்டை அரை மணிக்கொரு தரம் உர்ரென்று இறுகித் தளர்ந்தது. பாவம், என் மனைவிதான் உறங்கவில்லை.

மருத்துவரிடம் 140/90க்குக் கீழும், 24 மணி நேரச் சராசரியில் 130/80 அல்லது அதற்கு மேலும் இருக்கும் இந்நிலைக்கு, 'முகமூடி அணிந்த உயர் ரத்த அழுத்தம்' என்று பொருள்படும் பெயரை 2002இல் ரத்த அழுத்த ஆய்வாளர் தாமஸ் பிக்கரிங் குழுவினர் வைத்தனர். பெயர் வேடிக்கையானது, வேலை அப்படியன்று. வலியோ தலைசுற்றலோ இல்லாமலேயே, கூடுதல் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடக் கீழறைச் சுவர் தடிக்கிறது, விழித்திரையின் நுண்தமனிகள் குறுகுகின்றன, சிறுநீரக வடிகட்டிகள் கசியத் தொடங்குகின்றன.

என் இதய எக்கோ பரிசோதனையில் குறையில்லை. சிறுநீரில் மட்டும் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருள் ஒரு கிராமுக்கு, அல்புமின் என்னும் புரதம் 46 மில்லிகிராம் இருந்தது. 30க்குள் இருக்க வேண்டுமாம். வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் இந்தச் சிறு கசிவு பெரும்பாலும் தெரியாது என்பதால், இதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டியிருந்தது. மாத்திரை தொடங்கியாயிற்று, மூன்று மாதம் கழித்து மறுபடியும் அந்தப் பட்டை.