முயல் போன பிறகு வரும் தாரா

வெள்ளவத்தையில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் பிள்ளை எவ்வளவு தூரம் வளர்கிறது என்று யாராவது கேட்டால், தாராவாகவும் முயலாகவும் தெரிகிற அந்தப் பழைய படத்தைத்தான் காட்டுவேன். 1892இல் ஒரு ஜேர்மன் நகைச்சுவைச் சஞ்சிகையில் வந்த படம் அது. 1899இல் உளவியலாளர் ஜோசப் ஜஸ்ட்ரோ அதை எடுத்தாண்டார். நீண்டிருப்பது அலகென்றால் தாரா, காதென்றால் முயல். கோடு ஒன்றும் மாறுவதில்லை.

சின்ன வகுப்பில் ஒரு பிள்ளை முயல் என்றாள். "தாராவும் இருக்கு, வடிவாப் பாருங்கோ" என்று அலகைத் தொட்டுக் காட்டினேன். அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். "தாரா போயிட்டுது டீச்சர்." ஒரு படத்தில் ஒன்றுதான் இருக்கலாம், அப்படியென்றால் மற்றது வேறெங்கோதானே இருக்கவேண்டும்! எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

உளவியலாளர் அலிசன் கொப்னிக் போன்றோரின் ஆய்வுகளிலும் மூன்று வயதுப் பிள்ளைகள் இப்படித்தான்: இரண்டு உருவங்களையும் சொல்லிக்கொடுத்த பிறகும் பெரும்பாலானோருக்கு மாற்றிப் பார்க்க வரவில்லை. மார்ட்டின் டொஹேர்ட்டியும் மரீனா விம்மரும் இதை இரண்டு படியாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரே படம் இரண்டாக இருக்கலாம் என்பது நாலு வயதளவில் விளங்குகிறது. இன்னொருவர் ஒன்றைப் பிழையாக நம்பிக்கொண்டிருக்கலாம் என்பதும் அந்த வயதில்தான் பிடிபடுகிறது. ஆனால் படம் கண்முன்னே மாறுவதற்கு ஐந்து வயதளவு ஆகிறது. பிடித்த உருவத்தை விட்டுவிட்டு மற்றதை மனதில் எழுப்ப வேண்டுமே, அது லேசான வேலையில்லை.

எனக்கு மிகவும் விருப்பமானது அந்த இடைக்காலம். "தாரா என்றும் சொல்லலாம் டீச்சர், ஆனா எனக்கு முயல்தான் தெரியுது" என்றான் நாலு வயதுப் பையன் ஒருவன். விளக்கம் வந்துவிட்டது, காட்சி இன்னும் வரவில்லை. அதைத் தானே பிரித்துச் சொல்லவும் தெரிகிறது! பெரிய வகுப்பில் மாறும் நேரம் முகத்திலேயே தெரியும். கண் காதிலிருந்து மெல்ல விலகும், வாய் திறந்தபடி நிற்கும், பிறகு ஒரு சத்தம்: "இப்ப தாரா!"

முயல் கதை சொன்ன நாளில் இந்தப் படத்தை நான் எடுப்பதில்லை. எதிர்பார்ப்பு பெரியவர்களையே இழுத்துவிடும். ஈஸ்டர் என்றால் முயல் நினைவுக்கு வரும் சுவிற்சர்லாந்தில், சூரிச் மிருகக்காட்சிசாலை வாசலில் ஈஸ்டர் நாளில் இந்தப் படத்தைக் காட்டிக் கேட்டபோது பெரும்பாலோர் முயல் என்றார்கள், ஒக்டோபரில் பறவை என்றார்கள். 1993இல் வெளியான ஆய்வு அது.

கொழும்புப் பெற்றோருக்கு எல்லாமே முதலாம் ஆண்டு அனுமதிக்கான ஆயத்தம். தாராவைக் காணாத மகனுக்குப் பயிற்சி ஏதும் கொடுக்கவேண்டுமா என்று ஒரு அப்பா கேட்டார். அவனுக்கு மூன்றரை வயது. இது கவனக்குறைவும் இல்லை, பிடிவாதமும் இல்லை, பயிற்சியே வேண்டாம் என்றேன். வீட்டில் வாழைப்பழத்தைக் காதில் வைத்து ஃபோன் கதைக்கிறானா என்று கேட்டேன். ஒவ்வொரு நாளும் அம்மம்மாவோடு கதைக்கிறானாம். சரி, ஒன்றை இன்னொன்றாக வைத்து விளையாட அவனுக்கு இப்போதே தெரிகிறது, நீங்களும் ஒரு பழத்தை எடுத்துப் பதில் சொல்லுங்கள் என்றேன்.