மூளை ஒளிர்ந்தால் மருந்து போய்ச் சேர்ந்துவிட்டதா?

மூளைக்கு மருந்து கொண்டுபோகும் நானோ துகள் செய்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் ஏதோ குட்டி ரோபோ என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், உடலுக்குள் மெல்லச் சிதைந்துபோகும் பிஎல்ஜிஏ என்ற பாலிமரையும் மருந்தையும் அசிட்டோனில் கரைத்து, சுழலும் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுவதுதான் என் அன்றாட வேலை. துகள் 100 நானோமீட்டர் பக்கம் வந்திருந்தால் திரவத்தில் லேசாக நீலம் ஓடும், வெறும் வெள்ளையாக இருந்தால் பெருத்துவிட்டது என்று கருவியில் வைக்கும் முன்பே தெரிந்துவிடும்.

இது சுலபமான பகுதி. மூளையின் ரத்தக்குழாய்ச் செல்கள் சந்தே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், செல்லுக்குள் எப்படியோ நுழைகிற மருந்தையும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்ப் திரும்ப ரத்தத்துக்கே தள்ளிவிடும். அதனால்தான் இரும்பைச் சுமந்துவரும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்துக்கு மூளை திறந்துவிடும் வழியிலேயே நாமும் போகப் பார்க்கிறோம், குழாய்ச் சுவரில் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் துகளின் மேல் ஒட்டி. எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 2011-இல் எலிகளில் ஆன்டிபாடிகளை வைத்துச் செய்த ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: தளர்வாகப் பிடிப்பதுதான் மறுபக்கம் போய்க் கழன்று உள்ளே போகிறது, இறுக்கமானது குழாய்ச் சுவரிலேயே மாட்டிக்கொள்கிறது.

என் தலைவலி இந்தச் சுவர்தான். ஒளிரும் சாயம் ஏற்றிய துகளை எலிக்குச் செலுத்தி, மூளையை எடுத்துப் படம் பிடித்தால் அழகாக ஒளிரும், கூட்டத்தில் காட்டினால் எல்லோருக்கும் சந்தோஷம். சரி, அந்த ஒளி எங்கிருந்து வருகிறது? குழாயில் தங்கிய ரத்தத்திலிருந்தா, சுவரில் ஒட்டிய துகளிலிருந்தா, இல்லை துகளைவிட்டுக் கசிந்த வெறும் சாயமா? இதயம் வழியாக உப்புநீர் விட்டு ரத்தத்தைக் கழுவி, அப்புறம் மூளையை அரைத்து நுண்குழாய்களைத் தனியே பிரித்துவிட்டு அளந்தால் ஒளி நன்றாகவே இறங்கிவிடும். செலுத்தியதில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வாங்கிக்கொள்ளும், மூளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. “மூளையில் இரு மடங்கு” என்ற தலைப்புகளெல்லாம் அந்தத் துளியின் இரு மடங்குதான், வீரியமான மருந்தென்றால் அதுவே போதும் என்பது வேறு விஷயம்.

புதிதாகச் சேர்பவர் யாராவது ஒளிரும் மூளைப் படத்தோடு வந்தால், பக்கத்தில் கல்லீரலையும் வைத்து எடுத்தாயா என்றுதான் முதலில் கேட்கிறேன். யாருக்கும் அந்தக் கேள்வி பிடிப்பதில்லை.